விண்டோஸ் 10: மாறுவதா, இருப்பதா?

"அக்கா, இது செவன்த் ஜென். விண்டோஸ் 11 ஏறாது. வேணுமெண்டால் வேற வழியால ஏத்தித் தரலாம்."

யாழ்ப்பாணத்தில் நான் வழமையாகப் போகும் கணினிக் கடைத் தம்பி இப்படிச் சொன்னதும், யோசித்துவிட்டு வருகிறேன் என்று மடிக்கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 2022 இல், டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய மாதங்களில், புதியது வாங்க வழியில்லாமல் வாங்கிய பாவித்த மடிக்கணினி அது. அந்தக் காலத்தில் என்னைப்போல் வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். இப்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, என்ன செய்வது?

எனக்கு இது வசதி பற்றிய கேள்வி மட்டுமல்ல. அந்த மடிக்கணினிக்குள் இருப்பவை குரல்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்த தாய்மாரின் நேர்காணல்களும் அவற்றில் அடங்கும். பெயர் வெளியே வராது என்ற என் வாக்கை நம்பிப் பேசியவர்கள் சிலர். இன்று உயிரோடு இல்லாதவர்கள் சிலர். கணினி பழுதானாலும் சரி, அதற்குள் வேறொருவர் நுழைந்தாலும் சரி, இழப்பு என்னுடையது மட்டுமல்ல.

முதலில், முடிந்தது என்றால் என்ன? 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. கணினி நின்றுவிடாது. வேர்ட் திறக்கும், இணையம் வரும். ஆனால், இனிக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. 'எனக்கு என்ன வரப்போகிறது' என்பவர்கள் வன்னாக்ரையை நினைத்துப் பார்க்கலாம். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட தீநிரல் அது. பிரித்தானியாவில் மருத்துவமனைகளே திணறின. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று, வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாமல் விட்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள். அப்டேட் வந்தும் போடாதவர்களின் நிலை அது. இனி விண்டோஸ் 10க்கு அப்டேட்டே வராது.

உங்கள் கணினி 11க்குப் பொருந்துமா என்று பார்ப்பது கடினமல்ல. மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளே சொல்லிவிடும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை புரொசசர் அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். புரொசசரின் பெயரில் ஐ5-7200 என்றிருந்தால் ஏழாவது தலைமுறை, ஐ5-8250 என்றிருந்தால் எட்டாவது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் தேவை. எட்டாவது தலைமுறைக் கணினியிலும் அது சிலவேளை அணைக்கப்பட்டிருக்கும்; பயோஸில் போய் இயக்கிவிட்டால் போதும். 4 ஜிபி ரெம் போதும் என்கிறது நிறுவனம். 4 ஜிபியில் பொறுமை போதாது என்பது என் அனுபவம். 8 ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் போகலாம். முறையான விண்டோஸ் 10 இருப்பவர்களுக்கு 11 இலவசம்.

தம்பி சொன்ன 'வேற வழி', இந்தச் சோதனைகளைச் சுற்றிப் போய் 11ஐ ஏற்றுவது. வேலை செய்யும். ஆனால், பொருந்தாத கணினிகளுக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காக மாறப் போய், அப்டேட் வருமா என்று தெரியாத இடத்தில் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'கிராக்' போட்டுத் தருபவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓடவிடும் எந்த மென்பொருளும், கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பூட்டு மாற்றுவது மாதிரித்தான்.

அவசரப்படத் தேவையில்லாதபடி இடைவழியொன்றும் இருக்கிறது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் தரும் நீடிப்புத் திட்டத்தை மைக்ரோசொப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கவேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கும் வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். இல்லையென்றால் 30 டொலர். ஒத்திசைக்கும்போது 'டொக்கியுமென்ட்ஸ்', 'டெஸ்க்டொப்' கோப்புறைகளும் வன்ட்ரைவுக்குப் போகும்படி தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். என்னைப்போல் பிறருடைய வாக்குமூலங்களை வைத்திருப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பொத்தானை அழுத்தவேண்டும்.

11க்கு மாறுபவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. புதிய பதிப்புகளைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழையும்போது, பல கணினிகளில் வன்தட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. கணினி களவுபோனால் அது பெரும் பாதுகாப்பு. ஆனால், பூட்டைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். என் நண்பியொருத்தியின் கணினியில் கடைக்காரரே ஏதோவொரு மின்னஞ்சலில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தார். சில மாதங்கள் கழித்து, பயோஸ் அப்டேட் ஒன்றின் பின் நீலத் திரை வந்து சாவியைக் கேட்டது. எந்த மின்னஞ்சல் என்று கடைக்காரருக்கும் ஞாபகமில்லை. ஒரு வருடப் படங்கள் போயின. கணக்கை நீங்களே திறவுங்கள், சாவியைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

மாறவே கூடாத கணினிகளும் இருக்கின்றன. ஊரில் அப்பாவின் நண்பரான மாமா ஒருவர் தொடர்பாடல் நிலையம் நடத்துகிறார். அந்தியேட்டிக் கல்வெட்டு, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் எல்லாம் அங்கேதான் அடிபடும். 32 பிட் விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, பழைய பிறிண்டர் ஒன்று. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்ததே 2001 இல். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பு கிடையாது; ஆகவே, அந்தப் பிறிண்டரின் 32 பிட் ட்ரைவர் அங்கே வேலை செய்யாது. பாமினி எழுத்துரு மட்டும் எங்கே போனாலும் வரும், அது வெறும் எழுத்துருக் கோப்புத்தான். "பிள்ளை, இது ஓடுற மட்டும் ஓடட்டும்" என்றார் மாமா. ஓடட்டும் என்றுதான் நானும் சொன்னேன். இணைய வயரை மட்டும் கழற்றிவிட்டோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் ட்ரைவை இப்போது முதலில் மற்றக் கணினியில் போட்டுச் சோதிக்கிறார்.

நான் கடைசியில் லினக்ஸ் மின்ட் 22க்கு மாறினேன். 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு, பணமும் இல்லை. முதலில் பென் ட்ரைவிலிருந்தே ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தேன்; வன்தட்டில் எதையும் தொடாமல் இப்படிப் பார்க்கமுடியும். வைஃபை, ஒலிவாங்கி எல்லாம் வேலை செய்தன. நான் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் தமிழ்99உம் அதில் கிடைக்கின்றன. ஒலிப்பதிவுகளை வெட்டும் ஓடாசிட்டி அப்படியே இருக்கிறது. போட்டோஷொப்பும் இன்டிசைனும் இல்லை. பக்க வடிவமைப்புத்தான் தொழில் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். வேர்ட் கோப்புகள் லிப்ரே ஒபிஸில் சிலவேளை வரி குலைந்து வருவது எரிச்சல்தான்.

நிறுவுவதற்கு முன் எல்லாவற்றையும் இரண்டு வெளி வன்தட்டுகளில் பிரதியெடுத்தேன். புதிய எஸ்எஸ்டி ஒன்று போட்டு, நிறுவும்போதே முழுவதையும் குறியாக்கம் செய்யும் தெரிவைக் கொடுத்தேன். பிறகு கிளிநொச்சித் தாய் ஒருவரின் இரண்டு மணிநேரப் பதிவைத் திறந்து கடைசிவரை கேட்டேன். எங்கும் விடுபடவில்லை. எஸ்எஸ்டியைப் பூட்டித் தந்த கடைத் தம்பி, பழைய வன்தட்டை வைத்துவிட்டுப் போனால் விலை தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.