செய்தி காத்த தந்தை

நாட்டு வரலாறு தலைவர்களின் பெயர்களோடு முடிந்துவிடுவதன்று. பெயர் பதியாத பல்லாயிரவர் உழைப்பும் அதனுள் அடங்கும். அத்தகையோருள் ஒருவர் என் தந்தையார். முதலில் படைவீரர், பின்னர்த் தொலைபேசித் தொழில்நுட்பர்.

பால்மரம் வெட்டும் குடும்பத்தில் 1940ஆம் ஆண்டு தோட்ட லயத்தில் பிறந்த அவர், இருபதாம் வயதில் படையில் சேர்ந்து, செய்தித் தொடர்புப் பணியில் பயிற்சி பெற்றார். 1963ஆம் ஆண்டில் இந்தோனேசியா மலேசிய அமைப்பை எதிர்த்துத் தொடங்கிய மோதல், 1966 ஆகஸ்டு 11ஆம் நாள் கையெழுத்தான உடன்பாட்டால் முடிவுற்றது. அக்காலத்தில் சரவாக் எல்லைக் காடுகளில் வானொலிக் கருவியை முதுகில் சுமந்து நடந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அடர்ந்த காட்டில் உணவுப் பொதிகள் வானிலிருந்தே வந்தன. இடத்தைக் குறிக்கும் எண்களுள் ஒன்று பிசகினாலும் பொதி வேறொரு மலைச்சரிவில் விழும். ஆதலால், பெற்ற செய்தியை அனுப்பியவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது கட்டாயம். ஒருமுறை அவ்வாறு சரிபார்க்கத் தவறியதால் குழுவினர் இரண்டு நாள் பட்டினி கிடந்தனர் என்பார். தவறியவர் யார் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை.

1962ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேரடியாக எண் சுழற்றிப் பேசும் வசதி வந்துவிட்டது. 1970ஆம் ஆண்டில் குவாந்தானில் துணைக்கோள் தரைநிலையம் திறக்கப்பட்டது. அவ்வளர்ச்சிக் காலத்தில் தந்தையார் படையை விட்டுத் தொலைத்தொடர்பு இலாகாவில் சேர்ந்தார். சுழற்றும் எண்ணுக்கேற்பப் படியேறித் திரும்பும் ஸ்ட்ரோஜர் கருவிகளைத் துடைத்துச் செப்பனிடுவது அவர் பணி. ஒலியைக் கேட்டே பழுதை அறிவார். 1987ஆம் ஆண்டில் இலாகா நிறுவனமாக மாறியது. இலக்கமுறைக் கருவிகளும் பெருகின. ஐம்பதை நெருங்கிய அவர், நான் படித்த அதே மேசையில் அமர்ந்து இரவுதோறும் புதிய கையேடுகளைப் பயின்றார்.

கடைக்கு அனுப்பும்போதும் “திருப்பிச் சொல், தம்பி” என்பார். சீனி, உப்பு, தீப்பெட்டி என்று நான் ஒப்பித்த பின்னரே காசு கைக்கு வரும். அன்று சலித்துக்கொண்ட நானே பின்னாளில் என் வகுப்பறையில் அதே சொல்லைச் சொன்னேன்.

அவர் 2016ஆம் ஆண்டு மறைந்தார். நோயுற்றிருந்தபோது ஓரிரவு, “அன்றைக்கு வந்த அந்த எண்...” எனத் தொடங்கினார். “களைப்பாக இருக்கிறீர்கள், நாளைக்குச் சொல்லுங்கள், அப்பா” என்றேன். மறுநாள் அவர் அதனைத் தொடரவில்லை, நானும் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் அவர் நெஞ்சில் கிடந்த ஒரு செய்தியை வாங்கிக்கொள்ள நான் தவறினேன்.

நம் இல்லங்களில் இன்னும் முதியோர் உள்ளனர். அவர்கள் பேசத் தொடங்கும்போது நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கேட்டதை அவர்களிடமே திருப்பிச் சொல்லுங்கள், பிழையிருப்பின் திருத்துவார்கள். பின்னர் எழுதி வையுங்கள்.