மான்செஸ்டர் சாலையில் மூன்று பெண்கள்

மராத்தான் ஓட்டத்திற்குப் புராணம் உண்டு. குறுந்தொலைவுச் சாலை ஓட்டங்களுக்கு அது வாய்க்கவில்லை. 42 கிலோமீட்டரைக் கடந்தவரை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடி, வியர்வை உலருமுன் வீடு திரும்பி மதிய உணவுக்கு அமர்பவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆயினும் ஓட்ட வரலாற்றின் முக்கியமானதொரு கதவு இத்தகைய சிற்றோட்டம் ஒன்றில்தான் தட்டப்பட்டது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மான்செஸ்டர் என்றொரு ஊர் இருக்கிறது. பஞ்சாலைகளால் பெயர்பெற்ற இங்கிலாந்து நகரோடு வாசகர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1927ஆம் ஆண்டு முதல், நவம்பரின் பிற்பகுதியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளன்று, இவ்வூரில் ஒரு சாலை ஓட்டம் நடந்துவருகிறது. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 1945இல் மீண்டும் தொடங்கியது. தொலைவு ஏறத்தாழ நாலே முக்கால் மைல், அதாவது ஏழரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஊரின் பிரதான வீதியில் புறப்பட்டு, முற்பாதியிலேயே ஹைலண்ட் வீதியின் நீண்ட மேட்டில் மூச்சிரைக்க ஏறி, பின்னர் இறக்கத்தில் விரைந்து, புறப்பட்ட வீதிக்கே திரும்ப வேண்டும். மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்ந்த காலை. வீடுகளில் விருந்துச் சமையல். தொடக்கத்தில் கையளவு ஆண்களே ஓடிய இந்த ஓட்டத்தில் இன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர்.

இவ்வோட்டத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, ‘அமெச்சூர்’ என்ற சொல்லை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தமிழர்களாகிய நாம் இச்சொல்லை நாடகக் குழுக்களின் வழியே நன்கறிவோம். நேசிப்பவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. கூலிக்காக அன்றி விருப்பத்துக்காகச் செய்பவர் என்பதே அதன் இயல்பான பொருள். ஆனால் விளையாட்டு உலகில் இச்சொல் வெகு விரைவிலேயே ஒரு வேலியாக மாறிவிட்டது. 1866இல் இலண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகம், கைத்தொழிலாளரையும் கூலி உழைப்பாளரையும் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. அமெரிக்காவில் 1888இல் பிறந்த அமெச்சூர் தடகளச் சங்கம், யார் ஓடலாம், யார் ஓடக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் பீடமாக வளர்ந்தது. காசுக்காகச் சிறிது காலம் பேஸ்பால் ஆடியதற்காக, 1912 ஒலிம்பிக்கில் ஜிம் தோர்ப் வென்ற பதக்கங்கள் மறு ஆண்டே பறிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

பெண்களைப் பொறுத்தவரை அவ்வேலி இன்னும் உயரமானது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினர். ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைக் கடந்தனர். ஆனால் ஓடியவர்கள் வழியிலேயே சுருண்டு விழுந்ததாகச் செய்தித்தாள்கள் கதை கட்டின. பெண்ணுடல் நெடுந்தொலைவைத் தாங்காது என்ற பழைய நம்பிக்கைக்கு அக்கதை சான்றாயிற்று. 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அவ்வோட்டம் இல்லாமற் போனது. அமெரிக்கச் சங்கமோ பெண்களைச் சாலை ஓட்டங்களில் அனுமதிக்கவே இல்லை.

இப்பின்னணியில்தான் ஜூலியா சேஸ் மான்செஸ்டருக்கு வந்தார். கனெக்டிகட்டின் குரோட்டன் ஊரைச் சேர்ந்த அவர், ஸ்மித் கல்லூரி மாணவி. அதே ஊரில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் ஜான் ஜே. கெல்லியின் ஓட்டத்தைக் கண்டு வளர்ந்தவர். கெல்லி 1957இல் பாஸ்டன் மராத்தானை வென்றவர். அக்காலத்தில் அங்கே வெற்றிக்குப் பணம் கிடையாது. 1960இல் மான்செஸ்டரில் ஓட முயன்ற ஜூலியாவை அதிகாரிகள் தடுத்துவிட்டனர். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வந்தார். தடை விழும் என்ற எச்சரிக்கை அவர்முன் இருந்தது. ஓடினால் மற்றப் போட்டிகளில் ஓடும் உரிமையையும் இழக்க நேரலாம். அப்போது அவருக்கு வயது 19.

1961 நவம்பர் 23 அன்று ஜூலியாவுடன் கிறிஸ் மெக்கன்சி, டயான் லெஷோஸ் என்னும் இருவரும் சேர்ந்துகொள்ள, மூன்று பெண்கள் அச்சாலையில் ஓடினர். ஜூலியா 33 நிமிடம் 40 வினாடியில், ஆண்கள் சிலரையும் பின்னே விட்டு, ஓட்டத்தை முடித்தார். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நாலரை நிமிடம். இன்றைய அமெச்சூர் ஓட்டக்காரர் பலரும் பொறாமைப்படத்தக்க வேகம். எவரும் சுருண்டு விழவில்லை.

உடனே கதவு திறந்துவிடவில்லை. 1966இல் பாபி கிப் பதிவு எண்ணின்றிப் பாஸ்டனில் மராத்தான் ஓடினார். 1967இல் எண்ணுடன் ஓடிய கேத்ரின் சுவிட்சரைச் சங்கம் வெளியேற்றியது. 1972இல்தான் பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றது. 1978இல் இயற்றப்பட்ட சட்டம், ஒலிம்பிக் விளையாட்டுகளின் மீது அமெச்சூர் சங்கத்துக்கு இருந்த பிடியைத் தளர்த்தியது. பெண்களுக்கான ஒலிம்பிக் மராத்தான் 1984இல் வந்தது. இவ்வரிசையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் பாஸ்டனிலிருந்தே தொடங்குகிறோம். அதற்கு ஐந்தாண்டு முன்னர் நிகழ்ந்த மான்செஸ்டரை விட்டுவிடுகிறோம். தொலைவு குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் புலப்படவில்லை.

ஜூலியா ஓட்டத்தைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. வௌவால்களை ஆராய்ந்த விலங்கியலாளராகவும், நடுவயதுக்குப் பின் மருத்துவம் பயின்று மனநல மருத்துவராகவும் வாழ்ந்தார். 2011இல், பொன்விழா ஆண்டில், தம் 69ஆம் வயதில் அதே மான்செஸ்டர் ஓட்டத்தில் மீண்டும் ஓடினார்.

சிந்தித்துப் பார்த்தால் இதில் ஒரு முரண் தெளிவாகிறது. பரிசோ பணமோ எதிர்பாராமல், இழப்பை எதிர்பார்த்தே ஓடவந்த பெண்ணைவிட உண்மையான அமெச்சூர் யார் இருக்க முடியும்? அவரைத் தடுத்ததோ தன் பெயரிலேயே அச்சொல்லைத் தாங்கிய சங்கம். இன்று இலையுதிர்காலக் காலை ஒன்றில், வெல்லும் எண்ணமே இன்றி ஒரு சிற்றோட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் இல்லத்தரசியும் எழுத்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. சங்கங்களிடம் சிக்கியிருந்த ஒரு சொல், நேசிப்பவர் என்னும் தன் பழம்பொருளுக்கு இவர்கள் வழியாகவே திரும்பியிருக்கிறது.