வேலியும் குத்தகையும்

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மனையைக் குத்தகைக்கு எடுத்து, சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டு சில காலம் குடியிருந்தேன். ஆடிக் காற்று கடற்கரை மணலையெல்லாம் வாரி என் கத்தரிச் செடிகளின் மேல் கொட்டிற்று. மிச்சத்தை ஊர் ஆடுகள் கவனித்துக்கொண்டன. வேலி போட்டே தீருவதென்று தீர்மானித்தேன்.

வேலி கட்ட வந்த பெரியவரிடம், "சுற்றிலும் சீமைக் கருவேலை நட்டுவிட்டால் என்ன? செலவே இல்லையே!" என்றேன்.

"மனை யாருது தம்பி?"

"குத்தகை மனைதான்."

"அப்படின்னா பனைமட்டை வேலி போடுங்க. போறப்பப் பிரிச்சு எடுத்துக்கிடலாம். கருவேலையை வச்சா, நீங்க போயிருவீக, அது போகாது!"

பெரியவர் சட்டம் படித்தவரல்ல. ஆனால் 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. குத்தகைக்காரர் தாம் மண்ணில் ஊன்றியதை, மனை தம் கைவசம் இருக்கும்போதே பெயர்த்துக்கொண்டு போகலாம்; ஆனால் மனையை வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுப்பது! வேலி விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு தடவை கோட்டை விட்டது இதில்தான்.

முதலாவது சப்பாத்திக் கள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காக, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினியார் சென்னையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். சாய வியாபாரம் படுத்துவிட்டது. கள்ளி படுக்கவில்லை. வேலியென்று வைத்த இடத்திலெல்லாம் வேலியைத் தாண்டி நிலத்துக்குள் நடந்தது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சிதான் அதைத் தின்று அடக்கிற்று.

இரண்டாவது சீமைக் கருவேல். வனத்துறையார் கேட்டதன் பேரில், 1877-ல் ஜமைக்காவிலிருந்து அதன் விதை சென்னை ராஜதானிக்கு வந்தது. ஜனங்கள் அதற்கு 'வேலிகாத்தான்' என்று அருமையாகப் பெயர் சூட்டினார்கள். எந்த ஆட்டுக்குப் பயந்து வேலி போட்டோமோ, அதே ஆடு காயைத் தின்று விதையை ஊரெங்கும் விதைத்தது. ராமநாதபுரத்துக் கண்மாய்களெல்லாம் முள்ளாயின. கரிமூட்டம் போட்டுப் பல ஏழைகள் அதனால் கஞ்சி குடிப்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் அதை ஒழிக்க வேண்டுமென்ற வழக்கு 2017-ல் மதுரை ஹைக்கோர்ட் கிளையில் நடக்கும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

நாம் என்றைக்கும் இருக்கப் போகிறோம் என்று நினைத்துத்தானே இப்படியெல்லாம் நடுகிறோம்? சேதுபதிகளின் சீமையைக் கும்பினியார் 1803-ல் 'நிரந்தர' ஜமீனாக முடிவு செய்தார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. நிரந்தரத்துக்கு ஆயுள் 145 வருஷம்! அப்படிப் பார்த்தால் குத்தகைக்காரன் அல்லாதவன் யார்?

பெரியவர் கால் நட்டு, வரிச்சுக் கட்டி, பனைமட்டைகளை நாரால் இறுக்கிக் கொடுத்தார். மனையை ஒப்படைத்த அன்று நானே அதைப் பிரித்தேன். தரையில் சில குழிகள்தான் மிச்சம். சாயங்காலக் காற்று அவற்றையும் மணலால் மூடத் தொடங்கியிருந்தது.