அமெரிக்கச் சின்சில்லா முயல்

அமெரிக்கச் சின்சில்லா முயல் என்பது இறைச்சிக்காகவும் மென்மயிர்த் தோலுக்காகவும் ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட, தற்போது அருகிவிட்ட ஒரு வளர்ப்பு முயல் இனமாகும். இதன் மயிர் தென் அமெரிக்கக் கொறிணியான சின்சில்லாவின் மயிரை ஒத்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இவ்விரு விலங்குகளுக்கும் நெருங்கிய உறவு கிடையாது.

வரலாறு

பிரான்சு நாட்டின் டைபோவ்ஸ்கி என்பவர் உருவாக்கிய சின்சில்லா முயல் 1913 இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1919 இல் இது ஐக்கிய அமெரிக்காவை அடைந்தது. அங்குள்ள வளர்ப்போர் எடை மிகுந்த முயல்களைத் தெரிவு செய்து பெருக்கினர். இவ்வாறு உருவான பெரிய வகைக்கு 1924 இல் தனித் தரவரையறை ஏற்கப்பட்டது. பின்னர் அவ்வகை அமெரிக்கச் சின்சில்லா எனப் பெயர் பெற்றது.

உடலமைப்பு

ஆண் முயல் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோகிராமும், பெண் முயல் 4.5 முதல் 5.5 கிலோகிராமும் எடை கொண்டவை. ஒவ்வொரு மயிரும் அடியில் கருநீலச் சாம்பலாகவும், இடையில் முத்து நிறமாகவும், நுனியை நோக்கிக் கருமையும் வெண்சாம்பலும் மாறி மாறியும் இருக்கும். மயிரை ஊதிப் பிரித்தால் இந்நிறங்கள் வளையங்களாகத் தெரியும். மஞ்சள் நிறமியைக் குறைக்கும் ஓர் ஒடுங்கு மரபணுவே இதற்குக் காரணம்.

அருகியமைக்கான காரணங்கள்

1928 நவம்பர் முதல் 1929 நவம்பர் வரையான ஓராண்டில் மட்டும் 17,328 சின்சில்லா முயல்கள் ஐக்கிய அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டன. 1940களுக்குப் பின் முயல் தோல் வணிகம் சரிந்தது. இறைச்சிப் பண்ணைகள் வெள்ளை நிற இனங்களை விரும்பின. பயன் குறைந்ததும் வளர்ப்போரும் குறைந்தனர்.

பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்காவின் லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி அமைப்பு இவ்வினத்தை அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே என்பதால் எண்ணிக்கையை விரைவில் உயர்த்தலாம். ஆனால் சில முயல்களிலிருந்தே பெருக்கினால் உள்ளினக் கலப்பு மிகுந்து, குட்டிகளின் எண்ணிக்கையும் நோய் எதிர்ப்பும் குறையக்கூடும். அதனால் வளர்ப்போர் காதில் பச்சை குத்திய எண்ணைக் கொண்டு வம்சாவளிப் பதிவேடு பேணுகின்றனர். தொலைவிலுள்ள பண்ணைகளுடன் ஆண் முயல்களை மாற்றிக்கொள்கின்றனர். ஒரே வழித்தோன்றலைப் பல இடங்களில் வளர்ப்பதால், ஒரு பண்ணையில் நோய் பரவினாலும் அவ்வழி முற்றிலும் அழியாது. பிற சின்சில்லா வகைகளுடன் கலப்பது எண்ணிக்கையைக் கூட்டினாலும் இனத்தின் தனித்தன்மையைக் குலைக்கும். எண்ணிக்கையை மீட்க இயலும். அற்றுப்போன வழித்தோன்றலை மீட்க இயலாது.