கோஹா: ஒரு சிறுநகர நூலகம் கொடுத்த மென்பொருள்

போன மாதம் எங்கள் மாலைப் படிப்பகத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "அக்கா, கட்டற்ற மென்பொருள்ங்கிறது கம்ப்யூட்டர் படிச்சவங்க விவகாரம். சாதி ஒழிப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது நியூசிலாந்தில் இருக்கும் ஒரு நூலகத்தின் கதை நினைவுக்கு வந்தது. அவளுக்காகவும் அதே கேள்வி உள்ள மற்றவர்களுக்காகவும் அதை எழுதுகிறேன்.

முதலில் 'பொது' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுக் கிணறு, குளம், பள்ளி, அலுவலகம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் அப்படியொரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மகாட் நகராட்சியும் சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாகப் பதிவு செய்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்கும்வரை அந்தக் குளம் நமக்குப் பொதுவாக இல்லை. குடித்த பிறகும் அடி விழுந்தது, வழக்கு நடந்தது. ஒன்றைப் பொது என்று அறிவிப்பது வேறு, அது பொதுவாகவே இருக்கும்படி காப்பது வேறு. இந்தப் பாடம் நமக்குப் பழையது. கணினி உலகம் அதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது.

வெலிங்டனுக்கு வடக்கே ஹோரோஃபெனுவா என்ற வட்டாரம் இருக்கிறது. அதன் முக்கிய ஊர் லெவின். 1999இல் அங்குள்ள நூலக அறக்கட்டளைக்கு ஒரு நெருக்கடி வந்தது. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டு பிறந்தால் தேதியைக் குழப்பிவிடும். புதிதாக விற்பனைக்கு இருந்தவையோ பெரிய நூலகங்களுக்கானவை. விலையும் அதிகம், கிளைகளை இணைக்க விலையுயர்ந்த இணைப்பும் வேண்டும். எனவே ரோசலி பிளேக் தலைமையிலான நூலகம் கட்டிப்போ என்ற உள்ளூர் நிறுவனத்திடம் புதிதாக ஒன்றை எழுதித்தரச் சொன்னது. நிரல் எழுதியவர்களில் முக்கியமானவர் கிறிஸ் கார்மேக் என்ற மாவோரி இளைஞர். லினக்ஸ் போன்ற கட்டற்ற கருவிகளின் மேல் கட்டப்பட்ட அது 2000 ஜனவரி தொடக்கத்தில் வேலைக்கு வந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். சொந்தப் பணத்தில் எழுதவைத்த மென்பொருளை விற்கவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள். யாரும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும். 'இலவசம்' என்று இதைச் சுருக்கிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இலவசத்தில் கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. இங்கே வாங்குபவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே உரிமை.

அதற்கு வைத்த பெயர் 'கோஹா'. மாவோரி மொழியில் விருந்தாளி கொண்டுபோகும் அன்பளிப்பு என்று பொருள். வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. நம்மூர் மொய் மாதிரிதான், மொய் நோட்டு மட்டும் இல்லை. இந்தச் சொல் எந்த மக்களுடையது என்பதையும் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காக மாவோரிக் குழந்தைகள் அடிவாங்கிய நாடு அது. அவர்கள் மொழிக்கு அலுவல் மொழித் தகுதி 1987இல்தான் கிடைத்தது.

திருப்பிச் செய்ததும் நடந்தது. அமெரிக்காவின் ஓஹியோவில் நெல்சன்வில் என்ற சிற்றூரின் பொது நூலகம் தனக்குத் தேவையான வசதிகளைக் காசு கொடுத்து எழுதவைத்தது. அவை எல்லோருக்கும் கிடைத்தன. பல நாட்டு நூலகர்களும் நிரலாளர்களும் கைசேர்த்தார்கள்.

பிறகு வேலி போடும் முயற்சி வந்தது. கோஹாவுக்குச் சேவை அளித்துவந்த லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனம் 2009 வாக்கில் தனக்கென்று தனிப் பதிப்பை வைத்துக்கொண்டு பொதுச் சமூகத்திலிருந்து விலகியது. அந்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. 2011இல், 'கோஹா' என்ற பெயரை நியூசிலாந்திலேயே வணிகமுத்திரையாகப் பதிவு செய்யும் அவர்களுடைய விண்ணப்பத்துக்கு முதல்கட்ட ஒப்புதல் கிடைத்தது. நிரலைப் பூட்ட உரிமம் விடாது, ஆகவே பெயரைப் பூட்டப் பார்த்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். மாவோரி மக்களின் சொல்லை, அதுவும் கொடை என்று பொருள்படும் சொல்லை, ஒரு கம்பெனி சொந்தமாக்கிக்கொள்வதா? லெவின் நூலக அறக்கட்டளை எதிர்த்து நின்றது. பெரிய வழக்குக்குப் பணம் இல்லாத நூலகம் அது. உலகம் முழுவதும் இருந்து சிறுசிறு நன்கொடைகள் வந்தன. 2013 டிசம்பரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இன்று டெல்லி பொது நூலகம் உட்பட நம் நாட்டில் பல நூலகங்களில் கோஹா ஓடுகிறது. ஆகவே 'இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிப்படும்' என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஊருக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஊர்த் தெரு மாடி வீடும் கட்டுகிறது, காலனித் தொகுப்பு வீடும் கட்டுகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். நான் வேலை செய்யும் பகுதிக் கிளை நூலகத்துக்கு இரண்டு கணினிகள் வந்தன. ஒன்று உறை பிரிக்காமலே இருக்கிறது. இன்னொன்றில் அலுவலக மென்பொருளின் உரிமம் காலாவதியாகிவிட்டது என்று ஒரு சிவப்புப் பட்டை நிற்கிறது. வேலைக்கு விண்ணப்பம் தட்டச்ச வந்த நம் பிள்ளைகள், 'மாவட்டத்திலிருந்து ஆள் வரணும்' என்ற பதிலோடு திரும்பி, பக்கத்து பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கொடுக்கிறார்கள். அதே கணினியில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போட்டால் உரிமச் செலவு ஒரு பைசா இல்லை. தமிழில் தட்டச்சும் வரும். பிள்ளைகள் பென் டிரைவில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அது திருட்டு ஆகாது. புத்தகத்தை இரவல் கொடுக்கும் நூலகம் மென்பொருளையும் இப்படிக் கொடுக்கலாம். யார் அனுமதியும் தேவையில்லாத கொடை அது.

இதைச் சொன்னபோது நூலகர் மறுக்கவில்லை. "மேலே கேட்கணும்மா" என்றார். பாவம், அவருக்கும் பயம்.

ஆகவே நாங்களே மேலே கேட்டோம். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிதான் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவை எழுதினாள். எங்கள் ஒன்றியத்தில் ஓராண்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, கிளை நூலகக் கணினிகளுக்கு மென்பொருள் உரிமக் கட்டணமாகச் செலவானது எவ்வளவு, கட்டற்ற மென்பொருள் நிறுவத் தடை ஏதும் உண்டா, இருந்தால் அந்த ஆணையின் நகல். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். முப்பது நாள் கெடுவில் இன்னும் பதினொரு நாள் பாக்கி.