சுழல்முறைப் பணியும் சுருங்காத ஊதியமும்

தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேலைநிறுத்தங்களையும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் எழுதுவர். ஒரு தொழிலை விட்டு மற்றொரு தொழிலுக்கு மாறிய மனிதர், மாறிய மாதத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொண்டுவந்தார் என்பதை எழுதுவோர் அரியர். ஆயினும் ஒரு குடும்பத்தின் வரலாறு அந்தச் சிறு கணக்கிலேதான் அடங்கிக் கிடக்கிறது.

'ஷிப்டு வேலை' என மக்கள் வழங்கும் சுழல்முறைப் பணி, பகலை இரவாக்கி இரவைப் பகலாக்குவது. உடலுக்கு ஊறு விளைப்பது. ஆனால் கைநிறையப் பணம் தருவது. அப்பணியை விட்டு, வாழ்வு தாழாமல் வேறு பணிக்கு மாறுதல் இயலுமா? இவ்வினாவுக்குச் சிங்கப்பூரின் தொழில் வரலாறு தக்கதொரு விடை பகர்கிறது.

செம்பவாங் புகட்டிய முதற்பாடம்

தீவின் வடகரையில் பிரிட்டிஷார் அமைத்த கடற்படைத் தளத்தில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய உலர்துறை 1938 பிப்ரவரி 14-ஆம் நாள் திறக்கப்பட்டது. 'நேவல் பேஸ்' என்று தமிழர் நாவில் பழகிப்போன அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். பற்றவைப்போர், பொருத்துநர், கொதிகலன் பணியாளர், மின்பணியாளர் எனப் பல்வகைக் கைவினைஞரை அத்தளம் உருவாக்கியது. கப்பல் பழுதுபார்ப்பு பொழுது பார்க்கும் தொழிலன்று. வந்த கப்பல் கடலுக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கினால், விளக்கொளியிலும் வேலை தொடர்ந்தே தீரும்.

1968 சனவரி 16-ஆம் நாள், பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன், 1971 இறுதிக்குள் படைகள் விலக்கிக்கொள்ளப்படும் என அறிவித்தார். அந்நாளில் சிங்கப்பூரின் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்திருந்தது. பல்லாயிரம் குடும்பங்களின் உலை ஒரே நாளில் அறிவிக்கப்பட்ட அச்செய்தியால் நடுங்கிற்று.

பின்னர் நிகழ்ந்தது ஊன்றி நோக்கத்தக்கது. 1968 சூன் திங்களில் செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கடற்படைப் பட்டறை அதன் கைக்கு வந்தது. போர்க்கப்பல் பழுதுபார்த்த கைகள் வணிகக் கப்பல் பழுதுபார்க்கத் தொடங்கின. சூரோங் கப்பல் பட்டறை 1963-இலும் கெப்பல் கப்பல் பட்டறை 1968-இலும் தோன்றியிருந்தமையால், ஓரிடத்தில் கற்ற தொழிலுக்கு வேறோரிடத்திலும் மதிப்பிருந்தது.

எல்லாரும் ஒரே படகில் கரையேறவில்லை. கைவினை கற்றோருக்குக் கதவு திறந்தது. எழுத்தர், காவலர், சமையற்காரர், பொதுத்தொழிலாளர் ஆகியோர் புதிதாய் ஒரு தொழிலைக் கற்கவேண்டிய நிலைக்கு ஆளாயினர். குடியுரிமை பெறாதோர் பலர், கிடைத்த பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு தாயகம் திரும்பினர். முதலாளி மாறலாம், கொடி மாறலாம்; கையில் உள்ள தொழில் மாறாதிருந்தால் ஊதியம் பெரிதும் சரிவதில்லை. இதுவே செம்பவாங் புகட்டிய முதற்பாடம்.

மூன்று இழைகளால் ஆன ஊதியம்

அதே காலத்தில் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1961-இலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. 1960-களின் இறுதியில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. சுத்திகரிப்பு உலையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட இயலாது. விலையுயர்ந்த இயந்திரத்தை இரவெல்லாம் உறங்கவிட முதலாளி விரும்பார். எனவே சுழல்முறைப் பணி பெருகியது.

இப்பணியாளரின் ஊதியம் மூன்று இழைகளால் முறுக்கப்பட்ட கயிறு போன்றது. முதல் இழை அடிப்படைச் சம்பளம். இரண்டாம் இழை சுழல்முறைப் படி. மூன்றாம் இழை மிகைநேர ஊதியம். 1968-இன் வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்திற்கு 44 மணி நேரத்தை வரம்பாக வைத்தது. சட்டத்தின் இப்பகுதிக்கு உட்பட்ட தொழிலாளர் வரம்பு கடந்து உழைத்தால், மணிக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் பெறுவர். ஆனால் சுழல்முறைப் படியைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அது ஒப்பந்தத்தால் வருவது. பணியை விட்டால் அன்றே போவது.

மத்திய சேமநிதிக்குரிய சந்தா இம்மூன்று இழைகளின்மீதும் கணக்கிடப்படுகிறது. 1968 முதல் அந்நிதியைக் கொண்டு வீடமைப்புக் கழக வீடு வாங்கும் வழி பிறந்தது. ஆகவே இரவு வேலையின் கூலி, வீட்டுத் தவணைக்குள்ளும் புகுந்துகொண்டது. சுழல்முறைப் பணியாளர் பணி மாற அஞ்சியதற்குச் சோம்பலன்று காரணம், இத்தவணையே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,000 வெள்ளி, சுழல்முறைப் படி 400 வெள்ளி எனக் கொள்க. மாதம் 40 மணி நேரம் மிகைநேரம் உழைத்தால் மேலும் ஏறத்தாழ 630 வெள்ளி சேரும். ஆக மொத்தம் 3,030 வெள்ளி. பகல் வேலை ஒன்று 2,400 வெள்ளி தருவதாக வருகிறது. அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் 400 வெள்ளி உயர்வு. கைக்கு வரும் தொகையோடு ஒப்பிட்டால் 630 வெள்ளி இழப்பு. மணிக்கணக்கில் பார்த்தாலோ, முன்னையது மணிக்கு ஏறக்குறைய 13 வெள்ளி 10 காசு. பின்னையது 12 வெள்ளி 60 காசு. உண்மையில் விலை குறைந்தது சிறிதே. குறைந்தவை பெரும்பாலும் உழைத்த மணிகளே. எனினும் தவணை மணிக்கணக்கு அறியாது. மாதக்கணக்கு ஒன்றையே அறியும். இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாராதவர் இருவகையில் ஏமாறுவர்: சிலர் உயர்வென மயங்கி இழப்பில் விழுவர், சிலர் இழப்பென அஞ்சி நல்வாய்ப்பைக் கைவிடுவர்.

கற்கும் காலத்தின் கூலி

மாறுவதற்குக் கற்க வேண்டும். கற்பதற்குக் காலம் வேண்டும். அக்காலத்திற்குக் கூலி தருபவர் யார்? 1979-இல் சிங்கப்பூர் மலிவான உழைப்பை நம்பும் கொள்கையைக் கைவிட்டது. தேசியச் சம்பள மன்றம் 1979 முதல் 1981 வரை உயர்ந்த சம்பள ஏற்றங்களைப் பரிந்துரைத்தது. அதே 1979-இல் திறன் மேம்பாட்டு நிதி பிறந்தது. மாதம் 750 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் பெறுவோருக்காக முதலாளிகள் தீர்வை செலுத்தினர். குறைந்த கூலிக்கு ஆள்வைத்தவரே பயிற்சிக்குப் பணம் தரவேண்டும் என்பது அதன் உட்பொருள்.

1983-இல் தொழிலாளர்க்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் 'பெஸ்ட்' எனும் அடிப்படைக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கக் கல்வியோடு நின்றவர்களுக்கு, இயந்திரத்தின் குறிப்பேட்டைப் படிக்கும் ஆற்றல் மேற்பயிற்சிக்கு வாயிலாயிற்று. பாடம் தொழிற்சாலை வாயிலுக்கே வந்தமை அதன் சிறப்பு. இவ்வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு என உழல்பவருக்கு, வாரந்தோறும் ஒரே மாலையில் நடக்கும் வகுப்பு எட்டாக்கனியே அன்றோ?

எனினும் இதில் ஒரு குறை இருந்தது. பயிற்சிக்கு அனுப்புபவர் முதலாளி. அவர் தம் தொழிலாளி திறம்பெற விரும்பினார். தம்மை விட்டு நீங்க விரும்பினாரல்லர். ஒரே ஆலைக்குள் இயக்குநர் மேற்பார்வையாளராக உயரும் வழி அகன்றது. ஆலையை விட்டு வேறு துறைக்குச் செல்லும் வழி நெடுங்காலம் குறுகியே இருந்தது.

அவ்வழி பின்னர் மெல்ல மெல்ல அகன்றது. 2015-இல் 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' இயக்கம் தொடங்கியது. வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்களில், புதிய முதலாளி முதலில் வேலை தந்து பின்னர்ப் பயிற்சியளிக்கிறார். பயிற்சிக்காலச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட முழுநேரப் படிப்புகளில் சேர்ந்தால், முன்னைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரம்பிற்குள், 24 மாதம் வரை வழங்கும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டு 2025-இல் நடைமுறைக்கு வந்தது. பாதி முழுமையாகாது, ஆயினும் கற்கும் காலத்திற்கும் கூலி உண்டு என்னும் கொள்கை அதில் நிலைபெற்றது.

வரலாறு விடுக்கும் விடை

செம்பவாங் முதல் இந்நாள்வரை வரலாறு காட்டும் உண்மைகள் இரண்டு. ஒன்று: கற்ற திறனை அடியோடு உதறிவிட்டுப் புதிதாய்த் தொடங்குபவர் தொடக்கச் சம்பளத்தையே பெறுவார், அத்திறனைச் சுமந்துகொண்டு இடம் மாறுபவர் தம் விலையையும் உடன் சுமந்து செல்வார். பற்றவைப்பவர் பற்றவைப்பு ஆய்வாளராகவும், ஆலை இயக்குநர் பாதுகாப்பு அதிகாரியாகவும், கைவினைஞர் பயிற்றாசிரியராகவும் ஆவது இவ்வகையது. மற்றொன்று: மாற்றத்தின் செலவைத் தொழிலாளியின் தோள் ஒன்றே சுமந்த இடங்களில் மாற்றம் நிகழவில்லை, அல்லது வறுமையில் முடிந்தது, முதலாளியும் அரசும் சங்கமும் தோள் கொடுத்த இடங்களிலேயே அது வாழ்வாயிற்று.

வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தின் முகப்பிலேயே, அழிவதையும் ஆவதையும் பின்னர் விளையும் ஊதியத்தையும் எண்ணிச் செயல்பட வேண்டும் என வகுத்துரைத்தார். சுழல்முறைப் பணியை விட்டு மாற நினைக்கும் தொழிலாளிக்கு அழிவது படியும் மிகைநேரமும். ஆவது உறக்கமும் உடல்நலமும். விளையும் ஊதியம் புதிய தொழிலின் வளர்ச்சி. அடிப்படைச் சம்பளம் ஒன்றை மட்டும் காட்டி அழைப்போரிடமும் அச்சம் ஒன்றை மட்டும் காட்டித் தடுப்போரிடமும் அவர் கேட்கவேண்டியது, இம்மூன்றும் அடங்கிய முழுக்கணக்கை.