கார் ஏசியும் ஆர்-12 என்ற வாயுவும்

சித்திரை பிறந்தால் போதும், முகப்பேரில் காலை நடைக்கு வரும் நம் வயதுக்காரர்களிடையே ஒரே புலம்பல். "சார், ஏசி போட்டால் காற்றுதான் வருது, குளிர் வரலை. போன வருஷம்தான் கேஸ் ஏத்தினேன்." இருபத்தைந்து, முப்பது வருஷத்து வண்டிகளை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இந்தப் புலம்பலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். திரவம் ஆவியாகும்போது பக்கத்திலுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை எங்கள் வாத்தியார் 'ஷலேர் லதாந்த்' என்று சொல்லித் தந்தார். (தமிழில் அது உள்ளுறை வெப்பம் என்பது பிறகுதான் தெரிந்தது.) கார் ஏசியும் இவ்வளவுதான். கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. முன்பக்கத்துக் கண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகி, காற்றைக் குளிர்விக்கிறது.

பல காலம் அந்த வாயு ஆர்-12. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1928-ல் கண்டறிந்த குளோரோஃபுளோரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்தது. தீப்பிடிக்காது, விஷமில்லை. (பெட்ரோலில் ஈயம் கலக்க வழிகாட்டியவரும் இதே மனிதர்தான்!) 1940 மாடல் பேக்கார்டு காரில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தித் தந்தார்கள். அதை நிறுத்த வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்துக் காருக்கு ஏசி வந்தது மாருதிக்குப் பிறகுதான். ஆர்-12 வகை வாயுக்கள் நம் மேட்டூரிலேயே, கெம்ப்ளாஸ்ட் ஆலையில் தயாராயின.

இந்த வாயுக்கள் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-ல் எழுதினார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். பணமும் தொழில்நுட்பமும் தராமல் எங்களை மட்டும் கட்டுப்படுத்தாதீர்கள் என்று இந்தியாவும் சீனாவும் வாதாடின. அதில் நியாயம் இருந்தது. 1990-ல் லண்டனில் அதற்கென ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். 1992-ல் இந்தியா சேர்ந்தது. 2000-ல் விதிகள் வந்தன. 2003 ஜனவரி முதல் புது ஏசிகளில் ஆர்-12 கூடாது, 2008 ஆகஸ்டோடு உற்பத்தியும் நின்றது. கோப்புகளோடே காலம் தள்ளியவன் சொல்கிறேன், தேதி தவறாமல் நிறைவேறிய அரசாணைகள் குறைவு, இது அவற்றில் ஒன்று.

ஆனால் ஆர்-12-க்காகச் செய்த ஏசி நம் வண்டியில் அப்படியே இருந்தது. கடைகளில் கிடைத்ததோ ஆர்-134ஏ. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்தன என்பது உண்மை. இருந்தும் பல இடங்களில் புது வாயுவை அப்படியே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பழைய மினரல் ஆயிலில் ஆர்-134ஏ கரையாது. அதனால் ஆயில் குழாய்களிலேயே தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து தேயும். இன்னொன்று அழுத்தம். கண்டென்சர் அறுபது டிகிரி சூட்டில் இருக்கும்போது ஆர்-12 சுமார் 15 பார், ஆர்-134ஏ சுமார் 17 பார். நெடுஞ்சாலையில் ஓடும்போது இது தெரியாது. திருமங்கலம் சிக்னலில் நிற்கும்போது தெரியும்.

என் வண்டியைப் பாடியில் ஓர் இளைஞர் பார்த்தார். "கேஸ் பெட்ரோல் மாதிரி இல்ல சார். குறைஞ்சா எங்கியோ லீக்குன்னு அர்த்தம்" என்றார். கேஜ் மாட்டினார், இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவு. நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். கண்டென்சர் இணைப்பில் குமிழி வந்தது. ஓ-ரிங்குகளையும் டிரையரையும் மாற்றினார். பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்றினார். கண்டென்சரில் அப்பியிருந்த மண்ணைக் கழுவி, ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தார். முக்கால் மணி நேரம் வாக்குவம் போட்ட பிறகே எடை பார்த்து கேஸ் ஏற்றினார், அதுவும் பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைத்து. முன்பு 19 டிகிரியில் வந்த காற்று 9 டிகிரிக்கு இறங்கியது. வீட்டம்மா பின் சீட்டில் சால்வை கேட்டார்.

கேஸ் ஏற்றப் போகிறவர்கள் "லீக் பார்த்தியாப்பா? என்ன ஆயில் ஊத்தின?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் அது கிடையாது. அதைக் குறைப்பதற்கான 2016-ன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. நமக்குக் குறைப்பு 2032-ல் தொடங்குகிறது.